நேரு ஸ்டேடியத்துக்குப் போகாத சனிக்கிழமை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வாய்ஸ் மெசேஜை இரண்டு வருடத்துக்கு மேலாக அழிக்காமல் வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பது நொடிதான். பேசியவர் என் மாமா மகன். கோவையில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். 2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மான்செஸ்டருக்கு வடக்கே பரி என்ற ஊரில் கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு, பழைய ஸ்டாண்டின் போட்டோ ஒன்றைக் குழுவில் போட்டிருந்தேன். 'செத்துப்போன கிளப்பை இந்த ஊர்க்காரர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள்' என்று கீழே உருக்கமாக நாலு வரி எழுதியிருந்தேன். மறுநாள் காலை மச்சானின் குரல் வந்தது. "மாப்ள, போட்டோ பாத்தேன், நல்லாருக்கு. சரி, நம்மூர்ல ஒரு டீம் இந்தியா சாம்பியன் ஆச்சே, நேரு ஸ்டேடியத்துல, ஞாபகம் இருக்கா? அது இப்ப எங்க இருக்குன்னு எப்பவாவது கேட்டிருக்கியா? கோவிச்சுக்காதே, சும்மா தோணுச்சு, கேட்டேன்."

கோபம் வரவில்லை. பதில்தான் வரவில்லை. அன்றைக்கு ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் கால்பந்தையும் பணத்தையும் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், எண்ணெய்க் காசு, அமெரிக்க முதலாளிகள், டிவி ஒப்பந்தம் என்று மற்றவர்கள் கொதிக்கும்போதெல்லாம், எனக்கு மச்சானின் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதிப் பார்த்தால் என்ன என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு பவுண்டுக்குக் கைமாறிய கிளப்

2022-இல் வேலை மாற்றலில் மான்செஸ்டர் வந்தேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் டெஸ்டிங் பார்ப்பவர் ஒருவர், ஐம்பத்தெட்டு வயது, பரிக்காரர். நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன் என்று தெரிந்தும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் அணி எது என்று நான் கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பரி எஃப்.சி. இப்போது விளையாடுவதில்லை" என்றார். காயம்பட்ட ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முழுக் கதையும் அவரிடமிருந்து வந்தது.

பரி எஃப்.சி. 1885-இல் தொடங்கிய கிளப். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. அதில் 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுன்டியை 6-0 என்று நொறுக்கியது. 116 வருடம் கழித்து, 2019-இல்தான் மான்செஸ்டர் சிட்டி அந்த வித்தியாசத்தை எட்டிப்பிடித்தது. பிற்பாடு சிட்டியின் தெய்வமாகக் கொண்டாடப்பட்ட காலின் பெல் முதலில் விளையாடியது பரியில்தான். ஊர்ப் பையனை வளர்ப்பது, பெரிய கிளப்புக்கு விற்பது, வந்த பணத்தில் இன்னும் நாலு வருடம் ஓட்டுவது என்று இப்படிப்பட்ட கிளப்புகள் நூறு வருடம் பிழைத்திருக்கின்றன. அந்த வரவும் மெதுவாகக் குறைந்தது. 1995 போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைக் காசு தராமலே அழைத்துப் போகலாம் என்று ஆனது. 2012-இல் அகாடமிப் பையன்களுக்கான இழப்பீட்டுத் தொகையை நிர்ணயித்து விதி வந்தபோது, பெரிய கிளப்புகள் சின்னக் கிளப்பின் பையனைச் சொற்பத் தொகைக்கு எடுத்துக்கொள்ள வழி பிறந்தது.

வரவு குறைந்தாலும் ஆசை குறையவில்லை. அங்கே லீக்குகள் அடுக்கடுக்காக இருக்கும், ஜெயித்தால் மேலடுக்கு. மேலே ஏறினால் பணம் கிடைக்கும், ஏற வேண்டுமானால் பெரிய சம்பளத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும், அதற்கு முதலாளி கைக்காசைப் போட வேண்டும். கீழ் லீக்குகளில் பாதிக் கிளப்புகள் இப்படித்தான் ஓடுகின்றன. பரியிலும் அதே கதை. மைதானம் அடமானத்துக்குப் போனது, வட்டி ஏறியது, முதலாளியின் தொழில்கள் படுத்துவிட்டன. 2018 டிசம்பரில் கிளப் ஒரே ஒரு பவுண்டுக்கு ஸ்டீவ் டேல் என்ற தொழிலதிபரின் கைக்கு மாறியது. பரியில் ஒரு கால்பந்துக் கிளப் இருந்ததே தனக்கு முன்பு தெரியாது என்று அவர் பிறகு ரேடியோ பேட்டியில் சொன்னார். அந்த வசந்தத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி. அப்படி இருந்தும் 2019 ஏப்ரல் கடைசியில் அந்த அணி நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு முன்னேறிவிட்டது. சம்பளம் வராத மாதங்களில் ஜெயித்துக் காட்டிய அந்த ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது பரிக்காரரின் குரல் இன்றைக்கும் கம்முகிறது.

அடுத்து நடந்ததை அவர் ஒரே ஒரு நாளின் கதையாகத்தான் சொல்வார். 2019 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. புதிய சீசன் தொடங்கி வாரங்கள் ஓடிவிட்டன, பரியின் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டிருந்தன. அன்று மாலை ஐந்து மணி கடைசிக் கெடு. வாங்குவதற்கு ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது, சனிக்கிழமை டான்காஸ்டருடன் ஆட்டம் நடந்துவிடும் என்று செய்தி பரவியது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த மைதானத்தைக் கழுவ ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தது. ஊரே கிளம்பிவிட்டது. இவர் அரை நாள் லீவு போட்டார். ஒரு பக்கெட், வீட்டுச் சமையலறைத் துணி, கிருமிநாசினி பாட்டில். நாற்காலிகளில் பறவை எச்சம் கல்லாக இறுகியிருந்ததாம், மடிப்பு ஓரங்களில் பாசி. விரல் நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார். இவருடைய அப்பா உட்காரும் வரிசையைத் தேடிப் போய் அதையே எடுத்துக்கொண்டார். மாலை நாலு மணி வாக்கில் யாரோ கீழேயிருந்து கத்தினார்கள், அந்த நிறுவனம் பின்வாங்கிவிட்டது என்று. சிலர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு இன்னும் ஆறு நாற்காலி பாக்கி இருந்தது, முடித்தேன்" என்றார். துணியைப் பிழிந்து கடைசி நாற்காலியின் முதுகில் காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறார், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. அன்று இரவே, 1894 முதல் உறுப்பினராக இருந்த கிளப்பை லீக் வெளியேற்றிவிட்டது.

இதைக் கேட்டு நான், "எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவர் அப்புறம் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அவர் அப்பாவின் சாம்பலை அந்த மைதானத்தில்தான், தெற்குப் பக்க கோல் கம்பத்துக்குப் பின்னால் தூவியிருக்கிறார்கள். அங்கே பல கிளப்புகளில் இது வழக்கமாம். வருடா வருடம் அந்த நாளில் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவார். பூட்டு விழுந்த பிறகு நாலு வருடம் வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். என் அப்பாவைப் பேரூரில் நொய்யல் கரையில் கரைத்தோம். அந்தப் படித்துறையை யாரோ ஒருவர் ஒரு பவுண்டுக்கு வாங்கிப் பூட்டிவிட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பரி ஏ.எஃப்.சி. என்று புதுக் கிளப் தொடங்கி, பக்கத்து ராட்கிளிஃப் மைதானத்தில் பத்தாம் அடுக்கிலிருந்து விளையாடினார்கள். இன்னொரு குழு 2022 பிப்ரவரியில், அரசாங்கத்தின் பத்து லட்சம் பவுண்டு உதவியையும் சேர்த்து, பரியின் பழைய கிக் லேன் மைதானத்தை மீட்டது. இரண்டு குழுவும் சேர வேண்டும் என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். முதல் தடவை தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் போனது. புதுக் கிளப்பைப் பழைய பெயரில் கரைக்க மனமில்லாதவர்கள் ஒரு பக்கம், பழைய மைதானம் இல்லாமல் அது பரியே இல்லை என்பவர்கள் ஒரு பக்கம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனதாகப் பரிக்காரர் சொன்னார். 2023-இல் இரண்டாம் ஓட்டெடுப்பு ஜெயித்தது. அந்த சீசனில் பரி எஃப்.சி. ஒன்பதாம் அடுக்கில் கிக் லேனுக்குத் திரும்பியது. மஞ்சள் டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய், அவரோடு மான்செஸ்டர் ரோட்டில் நடந்து நான் போனது அப்போதுதான். ஒன்பதாம் அடுக்கு ஆட்டத்துக்கு மூவாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டிக்கெட் வாங்கும் இடத்தில் நின்றவர், வழி காட்டியவர், தேநீர் ஊற்றிக் கொடுத்தவர் என்று கண்ணில் பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சம்பளம் வாங்காதவர்கள்.

பத்து மைல்

கிக் லேனிலிருந்து யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்குச் சுமார் பத்து மைல். பரி பூட்டப்பட்ட அதே ஆகஸ்டில், யுனைடெட் ஹாரி மெக்வயரை 8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அந்த டிரான்ஸ்பர் செய்திக்காக ராத்திரி ஒரு மணி வரை கோவையில் போனைத் தேய்த்துக்கொண்டு விழித்திருந்தவன் நான். பரி பற்றிய செய்தியும் அதே போனில்தான் வந்திருக்க வேண்டும். தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

பணம் மேலே போய் அங்கேயே தங்கியது தானாக நடந்ததில்லை. படிப்படியாக முடிவெடுத்துத்தான் அது நடந்தது. இங்கிலாந்தில் ஒருகாலத்தில் ஆட்டத்தின் டிக்கெட் வசூலில் வந்து விளையாடும் அணிக்கும் ஒரு பங்கு உண்டு. 1983-இல் அதை நிறுத்தி, வசூல் முழுவதும் சொந்த மைதான அணிக்கே என்றார்கள். நாலு டிவிஷன்களின் 92 கிளப்புகளும் பகிர்ந்துகொண்ட டிவி பணத்தில் 1980-களின் நடுவில் மேல் டிவிஷன் பாதியை எடுத்துக்கொண்டது. 1992-இல் 22 கிளப்புகள் மொத்தமாக விலகி பிரீமியர் லீக் என்று தனிக் கடை போட்டன. இப்போது 2025 முதல் நாலு சீசனுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 670 கோடி பவுண்டு. வெளிநாட்டு உரிமையோ 2022 முதல் 2025 வரையிலான மூன்று சீசன்களிலேயே உள்நாட்டுத் தொகையை முதன்முறையாகத் தாண்டிவிட்டது. அந்த வெளிநாட்டில் நானும் ஒருவன்.

1999 மே 26 ராத்திரி பீளமேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தூங்குகிறார், டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்திருக்கிறேன். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், யுனைடெட்டுக்கு எதிராக பேயர்ன் 1-0 முன்னிலை, தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது, நடுவர் கூட்டிக் கொடுத்த சில நிமிடங்கள் ஓடுகின்றன. ஷெரிங்கம் ஒரு கோல். அப்புறம் சோல்ஷேர் ஒன்று. வாயைத் தலையணையால் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகையில் ஒரு பொய்யும் இல்லை. அதற்கப்புறம் இருபது வருடம் கேபிள் காசு, டிடிஎச் ரீசார்ஜ், ஆப் சந்தா, நாலு ஜெர்சி, ஒரு மஃப்ளர் என்று நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தனியாகப் பார்த்தால் அற்பத் தொகை. கோடிக்கணக்கான வீடுகளிலிருந்து போகும்போது அதுதான் 8 கோடி பவுண்டு ஆட்டக்காரர். என் காசு எட்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து ஓல்டு டிராஃபோர்டைப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பரிக்கான பத்து மைலை அது கடக்கவில்லை.

பணமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1989-இல் ஹில்ஸ்பரோவில் கம்பி வேலிக்குள் நசுங்கி 97 பேர் உயிரை விட்ட காலத்து மைதானங்களுக்கு யாரும் திரும்ப வேண்டாம். உள்ளூர் ரசிகர்களே பணத்தோடு மல்லுக்கட்டிய கதையும் இங்கே உண்டு. 2005-இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி யுனைடெட்டை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியபோது, ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறி எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று உறுப்பினர்களுக்கே சொந்தமான கிளப்பை ஆரம்பித்தார்கள். சொந்த மைதானம் இல்லாத அந்த வருடங்களில், 2014 வரை, அவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு விளையாடியது கிக் லேனில்தான். பரிக்காரர் அந்த ஆட்டங்களுக்கும் சில சமயம் போவாராம். "வீட்டில் குடியிருந்தவர்கள் நல்லவர்கள்" என்றார்.

நான் இங்கே வந்த புதிதில், பெயர் வேண்டாம், ஒரு பெரிய கிளப்பின் ஆட்டத்துக்கு மகளை அழைத்துக்கொண்டு போனேன். சாதாரண டிக்கெட் கிடைக்கவில்லை. சாப்பாடு சேர்த்துக் கொடுக்கும் விலை உயர்ந்த டிக்கெட்டை எடுத்தேன். இரண்டு பேருக்குமாக ஒரு மாத மளிகைச் செலவுக்கு மேல். எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போல வெளியூர்க்காரர்கள், எல்லார் கையிலும் போன். பக்கத்தில் ஒரு கிழவர் மட்டும் மடியில் ஒரு நீலத் துணிப்பை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். பேச்சுக் கொடுத்தேன். நாற்பது வருடம் மூன்று நண்பர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தவராம். அந்த இடங்களைக் கிளப் விலை உயர்ந்த பகுதியாக மாற்றிவிட்டது. ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். அன்று அவரை அவர் மகன் பிறந்தநாள் பரிசாக அனுப்பியிருக்கிறார், பழைய இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும் என்று. நான் உட்கார்ந்திருந்தது அந்த மூவரில் ஒருவரின் இடமாகக்கூட இருக்கலாம்.

மகள் இப்போது ஞாயிறு காலைகளில் ஒரு சின்னக் கிளப்பின் பத்து வயதுக்குட்பட்டோர் அணியில் விளையாடுகிறாள். கவுன்சில் மைதானம், நவம்பர் வந்தால் குளம். மூன்று வாரம் தொடர்ந்து ஆட்டம் ரத்தாகும். செயற்கைப் புல் மைதானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால் மாதக் கட்டணத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினார்கள். இரண்டு பெண் குழந்தைகளை அழைத்து வரும் ஒரு தாய் அதற்கப்புறம் பெரியவளை மட்டும்தான் அழைத்து வருகிறார். சின்னவள் கோட்டுக்கு வெளியே அக்காவின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வலையை மாட்டும் முறை எனக்கு வரும் ஞாயிறுகளில் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் கொக்கிகளை எடுத்துக் கொடுக்கச் சொல்வேன். உலகத்திலேயே அதிகப் பணம் புரளும் கால்பந்து லீக் நடக்கும் ஊர் இது.

மார்ச் 9, 2019

சரி, மச்சானின் கேள்விக்கு வருகிறேன்.

சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் நாட்டின் தேசிய லீக்குகளில் ஒன்றான ஐ-லீக் ஆட்டங்களை விளையாடியது எங்கள் கோவை நேரு ஸ்டேடியத்தில். 2018-19 சீசனில் அந்த அணி ஆடிய ஆட்டத்தை மச்சான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு விவரிப்பார். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். முன்னால் உருகுவேயின் பெட்ரோ மான்சி, அந்த சீசனில் 21 கோல். கோலில் ஸ்பெயினின் நவுசெட் சந்தானா. கூடவே எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம்ம பையன்கள். 2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை, கடைசி ஆட்டம் மினர்வா பஞ்சாபுடன். முதலில் பின்தங்கி, அப்புறம் 3-1 என்று ஜெயித்தார்கள். பின்கள ஆட்டக்காரர் கவுரவ் போரா இரண்டு கோல் போட்டார். ஏறக்குறைய நூறு வருடப் பாரம்பரியம் உள்ள ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, சென்னை சிட்டி இந்தியாவின் லீக் சாம்பியன். அடுத்த மாதமே சூப்பர் கோப்பைக் காலிறுதியில், அந்த வருட இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியனான பெங்களூரு எஃப்.சி.யையும் தோற்கடித்தார்கள்.

அப்போது நான் சரவணம்பட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நேரு ஸ்டேடியம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மச்சான் அந்த சீசன் முழுக்கப் பள்ளிக்கூடப் பையன்களை டவுன் பஸ்ஸில் ஏற்றி ஆட்டத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. நான் போகவே இல்லை. அந்தச் சனிக்கிழமை மாலை என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் மறுநாள் ஞாயிறு இரவு பத்து மணிக்கு யுனைடெட் ஆர்சனலிடம் 2-0 என்று தோற்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஷாக்கா அடித்த முதல் கோல் காற்றில் வளைந்து எங்கள் கோல்கீப்பர் டி ஹியாவை ஏமாற்றியது கூட. அதற்கு மூன்று நாள் முன்பு பாரிஸில் கடைசி நிமிடப் பெனால்டியில் ஜெயித்தபோது, விடியற்காலை மூன்றே காலுக்கு நான் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என் ஊரில் என் வண்டியில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் ஓர் அணி இந்தியாவை ஜெயித்த வாரம் அது.

அந்த சாம்பியன் பட்டத்தால் அவர்களுக்கு மேலே போக வழி கிடைக்கவில்லை. மேலே இருந்த ஐ.எஸ்.எல். வேறு கணக்கில் ஓடியது. 2010-இல் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பதினைந்து வருடத்துக்கு வணிக உரிமையை ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுக்குக் கொடுத்தது. அதிலிருந்து பிறந்து 2014-இல் தொடங்கிய லீக் அது. அதில் இடம் வேண்டுமானால் உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும், ஜெயித்து ஏற முடியாது. சென்னை சிட்டி சாம்பியனான அதே 2019-இல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று முறைப்படி அறிவித்தார்கள். ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே இடம் உண்டு என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2022-23-இல்தான், அதில் பஞ்சாப் எஃப்.சி. ஏறியது. அதற்குள் சென்னை சிட்டி கரைந்துவிட்டது. ஜெயித்த அணி ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கிளப்புகளுக்குப் போனார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியபோது மச்சானுக்கு நம்பிக்கை துளிர்த்ததாம். அப்புறம் கோவிட் வந்தது. 2020-21 சீசன் முழுக்க மேற்கு வங்கத்தில், ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. அடுத்த சீசன் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை.

பரி மறைந்தபோது ஊரே பக்கெட்டோடு வந்தது. நேரு ஸ்டேடியத்துக்கு யாரும் பக்கெட்டோடு வரவில்லை. ரொம்ப நாள் இதற்கு நான் சுலபமான காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு 134 வருடம், நமக்குச் சில சீசன். அவர்களுக்குக் கால்பந்து, நமக்கு கிரிக்கெட். அது பொய்யில்லை. ஆனால் பொள்ளாச்சிக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் பையன்களையும், என்னைப் போல வார இறுதி முழுக்கக் கால்பந்தே கதி என்று கிடந்தவர்களையும் சேர்த்தால் கோவையில் கால்பந்துப் பைத்தியங்களுக்குக் குறைச்சலே கிடையாது. எங்களுக்கு ஆளுக்கொரு அணி இருந்தது. மான்செஸ்டரில், லிவர்பூலில், மாட்ரிட்டில், பார்சிலோனாவில். பணம் இங்கிலாந்தில் பரியின் மைதானத்தைப் பூட்டியது. கோவையில் அதற்குப் பூட்டு தேவைப்படவில்லை. நாங்கள் சோபாவில் உட்கார்ந்தபடியே அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டோம். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் மச்சானின் நாற்பது நொடிக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

2025 ஜூலையில் இரண்டு செய்திகள் ஒரே மாதத்தில் வந்தன. பதினைந்து வருட ஒப்பந்தம் முடியப்போகிறது, அடுத்தது என்ன என்று தெரியவில்லை என்று ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்திவைத்தார்கள். ஏறுவதற்கு ஏணி வைக்காத அந்தப் பெரிய வீடே ஒரு காகிதத்தில்தான் நின்றிருக்கிறது. இங்கிலாந்திலோ கிளப்புகளின் கணக்கையும் முதலாளிகளையும் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைக்கும் சட்டம் 21-ஆம் தேதி நிறைவேறியது. பரிக்காரரிடம் சொன்னேன். "ஆறு வருடம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய பரி அந்த ஏப்ரலில் லீக் ஜெயித்து எட்டாம் அடுக்குக்கு ஏறியிருந்தது. தெற்குப் பக்கக் கம்பத்துக்குப் பின்னால் இப்போது யாரையும் கேட்காமல் போய் நிற்கிறார்.

சுண்ணாம்புக் கோடு

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது மச்சானின் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போனேன். பக்கத்திலிருந்த பொட்டல் வெளியில் முன்பு பையன்கள் விளையாடுவார்கள். அங்கே இப்போது உயரமான வலை கட்டி விளக்கு போட்ட டர்ஃப் வந்திருக்கிறது. மணிக்கு ஆயிரத்துக்கு மேல். மச்சான் அதைப் பற்றிப் பெரிதாகக் குறைப்படவில்லை. "அவனும் இடத்துக்குக் கடன் வாங்கித்தானே போட்டிருக்கான்" என்றார். அவருடைய கவலையெல்லாம் பள்ளிக்கூட மைதானம் பள்ளிக்கூட மைதானமாகவே இருக்க வேண்டும் என்பதுதான். முன்னாள் மாணவர்களும் இப்போதைய பையன்களும் மோதும் ஆட்டம் அன்றைக்கு. கோலில் நிற்கப்போகிறவன் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பையன். 2019-இல் மச்சான் பஸ் ஏற்றி அழைத்துப் போன கூட்டத்தில் ஒருவன், அப்போது எட்டாவது. சந்தானா பெனால்டி பகுதியில் எப்படி நிற்பார் என்று எனக்கு நின்று காட்டினான். முட்டியை லேசாக மடக்கி, இரண்டு கையையும் தொடைக்கு மேலே விரித்து.

"அண்ணா, நீங்க அந்த ஃபைனல் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"இல்லப்பா, வரல" என்றேன்.

"அய்யோ" என்றான், எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டு. அப்புறம் அந்த மூன்று கோலையும் தரையில் குச்சியால் போட்டுக் காட்டினான்.

மச்சான் அடியில் ஓட்டை போட்ட பால் பவுடர் டின்னில் சுண்ணாம்பை நிரப்பி என் கையில் கொடுத்தார். "கயித்தை விட்டு வெளிய போகாம நேராப் போடு மாப்ள, பசங்க ஏழு மணிக்கு வந்துருவானுங்க." டின்னைத் தட்டித் தட்டி நடந்தேன். பாதியில் கை ஓய்ந்து கோடு கோணியது. அந்தப் பையன் பின்னாலேயே வந்து கோணிய இடத்தைக் காலால் தேய்த்து அழித்தான். கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இங்கிருந்து போடுங்கண்ணா" என்றான்.